முனீஸ்வரருக்குப் போன பச்சைக் கல்

வெள்ளிக்கிழமை காலை 7.40. முதலில் கண்ணில் பட்டது பாதி எலுமிச்சம்பழம்.

அது பூசாரி முருகையாவின் வலது கையில் இருந்தது. இடது கையில் முஷ்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கல். விளக்கைத் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். சாறு பட்ட இடத்தில் நுண்ணிய நுரை. நுரைக்கு நடுவே பச்சை. ஒன்றல்ல – ஐந்தாறு இடங்களில் பச்சை.

என் பக்கத்தில் நின்ற சாந்தி, காலில் சுடுதண்ணீர் கொட்டியது போல மூச்சை இழுத்தார்.

இடம், கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டம். எட்டாம் நம்பர் பிளாக்கின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட முனீஸ்வரர் கோவில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றச் சொல்லி சாந்தி கேட்கவில்லை. “மாத்துனா நல்ல பேரா வைங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேர் போயிருந்தோம். நான், சாந்தி, அவருடைய கணவர் குமரேசன். குமரேசன் என் காடியின் பின் சீட்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாந்தி எனக்கு எதிர் வீடு. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா? மாட்டார். சாவிக் கொத்தில் தொங்கும் சின்ன லென்ஸை எடுத்துக்கொண்டு கல் பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

அவர் சேர்ப்பது பச்சை கார்னெட். அதுவும் பட்டை தீட்டாதது. பூமிக்குள் எப்படி விளைந்ததோ அப்படியே, பாறைத் துண்டோடு சேர்த்து.

கார்னெட் என்றால் நமக்கு அந்நியமாகத் தோன்றும். நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, தேன் நிறத்தில்... அதுவும் இந்தக் குடும்பம்தான். குடும்பத்தில் சிவப்பு அதிகம், பச்சை குறைவு. சாந்தியின் கண்ணாடி அலமாரியில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு கறுப்புப் பாறை இருக்கிறது. மேலே பச்சைச் சர்க்கரையைத் தூவியது போல மினுங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்று, வெயிலில் பார்த்தால் பாண்டான் இலைச் சாறு.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. “எந்த ராசிக்கு?” “ஏன் மோதிரம் பண்ணல?”

சாந்தி சலிக்காமல் பதில் சொல்வார். “மோதிரத்துல இருக்கிறது நகைக்காரர் கொடுத்த வடிவம்லா. இது அதுவா எடுத்துக்கிட்ட வடிவம்.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்பார்கள் – “சரி, எந்த ராசிக்கு?”

அந்த அலமாரியின் ராணி, நமீபியாவிலிருந்து வந்த கல். டெமன்டாய்டு என்று பெயர். பச்சை கார்னெட்டிலேயே அதிகம் ஜொலிப்பது. வெள்ளைக் கல் ஒன்றில் பாதி புதைந்து, பாதி வெளியே நிற்கும் பச்சை. பட்டாணியில் பாதி அளவு. பக்கத்தில் இரண்டு பொடிசுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் ஒரு சாய்சதுரம். விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஆனால் யாரும் வெட்டவில்லை. எனக்கு நகையில் ஆசை கிடையாது. அந்தக் கல்லை மட்டும், சாந்தி கூப்பிடாமலே இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் சாந்திக்கு டெங்கி வந்தது.

பிளேட்லட் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் “பார்ப்போம்” என்றார். டாக்டர்கள் “பார்ப்போம்” என்று சொன்னால், கேட்கிற புருஷனுக்கு எப்படி இருக்கும்?

குமரேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பிறந்தது இந்தத் தோட்டத்தில். தோட்டத்து லய வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து பல வருஷம் ஆகிறது. வீடு மாறியது, சாமி மாறவில்லை. இங்கே பலருக்கும் அப்படித்தான். அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போய் முனீஸ்வரர் முன்னால் சூடம் ஏற்றியிருக்கிறார்.

சாதாரணமாக என்ன நேர்ந்துகொள்வார்கள்? கிடா. சேவல். ஒரு கட்டுச் சுருட்டு.

“கிடா எல்லாரும்தான் கொடுக்குறாங்க. இது அவ உயிருண்ணே” என்றார் பின்னொரு நாள் என்னிடம்.

அவர் வேண்டிக்கொண்டது இதுதான். சாந்தி பிழைத்து வந்தால், அவளுக்கு ரொம்பப் பிடித்த பொருளை உனக்குத் தருகிறேன்.

சாந்தி பிழைத்து வந்தார். கஞ்சி குடித்தார். தெம்பு வந்தது. வேலைக்கும் போனார். அதற்குப் பிறகுதான் குமரேசனுக்குச் சிக்கல் ஆரம்பித்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்தது எது?

வளையலா? அவசரம் என்றால் யோசிக்காமல் அடகுக்கு அனுப்புவார். பட்டுச் சேலையா? கட்டினால் அரிக்கிறது என்பார். காடியா? ஒரு நாளும் கழுவியது கிடையாது.

இந்த இடத்தில் நானும் யோசித்துப் பார்த்தேன். என் மனைவிக்கு ரொம்பப் பிடித்தது எது? வெகு நேரம் மண்டையைக் குடைந்து, ‘தூக்கம்’ என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அதை எந்தச் சாமிக்குக் கொடுக்க முடியும்? கல்யாணமாகி இத்தனை வருஷமான நம்மில் எத்தனை பேர் இந்தக் கேள்வியில் பாஸ் ஆவோம்?

குமரேசன் பாஸ். ஷிஃப்ட் முடிந்து வரும் சாந்தி, கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். எந்தத் தட்டைப் பார்ப்பார் என்பதை அந்த மனிதர் கவனித்து வைத்திருந்தார்.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம், சாந்தி வேலையில் இருந்தபோது, நமீபியாக் கல்லை ஒரு நல்ல துண்டில் சுற்றிக் கொண்டுபோய் முனீஸ்வரர் காலடியில் வைத்துவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

“சொன்னா, ரெண்டாவதா பிடிச்ச கல்ல எடுத்துக் கொடுப்பாண்ணே. சாமிக்குத் தெரியாதா?”

தட்டில் வெறும் இடத்தைப் பார்த்த சாந்தி முதலில் திருடன் என்றுதான் நினைத்தார். ஆனால் டிவி இருந்தது. நகை இருந்தது. மற்ற கற்கள் இருந்தன. எந்தத் திருடனுக்கு இவ்வளவு ரசனை? சாப்பாட்டு மேசையில், ரசத்தை ஊற்றிக்கொண்டே குமரேசன் ஒப்புக்கொண்டார்.

கத்தல், அழுகை – எங்கள் வீடு வரை எதுவும் கேட்கவில்லை. “நேந்துக்கிட்டது நீங்க. கொடுத்தது என்னுத” என்று மட்டும் சாந்தி சொன்னாராம். அதோடு பேச்சு நின்றது. பிறகு ஒரே வீட்டுக்குள் வாட்ஸ்அப். “ரசம் இருக்கு.” “கேஸ் முடிஞ்சது.” “சரி.” குமரேசன் எனக்குக் காட்டினார். காதலித்த காலத்துக் கடிதத்தைக் காட்டுகிற முகத்தோடு காட்டினார், பாவம்.

நேராகப் போய்க் கல்லை எடுத்து வந்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம். முனீஸ்வரருக்கு வைத்ததை யாரும் திருப்பி எடுப்பதில்லை. இது குமரேசனின் நம்பிக்கை மட்டுமல்ல, சாந்தியுடையதும்தான். கார்னெட்டுக்குள் என்னென்ன தாதுக்கள் என்று மூச்சு விடாமல் சொல்கிற அதே சாந்திதான், புதுக் காடி வந்தபோது நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டும் ஒரே தலைக்குள், வேறு வேறு தட்டில்.

அதனால் அவர் கோவில் பக்கமே போகவில்லை. “போனா கல்ல எடுத்துக்கிட்டு ஓடிடுவேன்னு பயம்ண்ணே.”

அந்த வெள்ளிக்கு முதல் நாள் மாலை தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வரி – முனீஸ்வரர் கல் கண் திறக்கிறது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். சாந்தி கும்பிடவில்லை. தொழில் புத்தி... படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று பச்சை இருந்த இடத்தில் நிறைய பச்சைகள். வெள்ளைக் கல் இளைத்திருந்தது.

மறுநாள் காலை எங்கள் கேட்டில் நின்றார்.

“அண்ணே, நீங்களும் வாங்க. பேப்பர்ல எழுதுற ஆளு வந்திருக்காருன்னா பூசாரி கொஞ்சம் காது கொடுத்துக் கேப்பாரு.”

எழுதுகிறவனுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நம்பும் ஒரு வாசகியை எப்படி ஏமாற்றுவது? சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

போகும் வழியில் சாந்தி விளக்கினார். அந்த வெள்ளைக் கல் கால்சைட். சுண்ணாம்பு இனம். புளிப்பு பட்டால் கரையும். கார்னெட் கரையாது. வெள்ளை கரையக் கரைய, உள்ளே புதைந்திருந்த பச்சைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இப்படியே போனால் பிடிமானம் போய் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆடித் திருவிழா வேறு வருகிறது. எலுமிச்சம்பழம் கூடை கூடையாக வரும்.

“கண்ணு தொறக்கலண்ணே. முகம் கரையுது.”

பின் சீட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது.

சரி, 7.40க்குத் திரும்பி வருவோம்.

“அண்ணே... தேய்க்காதீங்க” என்றார் சாந்தி. மெதுவாகத்தான் சொன்னார்.

முருகையாவுக்கு நாற்பது வயது இருக்கும். மற்ற நாட்களில் ஏர்கோன் சர்வீஸ், வெள்ளிக்கிழமை பூசாரி. அவர் பெருமையோடு கல்லைத் தூக்கிக் காட்டினார். மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் மாதிரி ஏதோ பிடித்திருந்ததாம். சாமிக்கு வந்த பொருள் அழுக்காக இருக்கலாமா? விளக்குக்குப் போடும் புளியையும் எலுமிச்சம்பழத்தையும் போட்டு, வாரம் தவறாமல் தேய்த்து வருகிறாராம். தேய்க்கத் தேய்க்க எப்படிப் பளிச்சென்று வருகிறது பாருங்கள் என்றார்.

சாந்தி எல்லாவற்றையும் சொன்னார். கால்சைட், புளிப்பு, நுரை. முருகையா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

“ஏர்கோன் காயில் கழுவுற கெமிக்கல் மாதிரியா?”

“அதே மாதிரிதாண்ணே. இது கொஞ்சம் மெதுவா.”

அவர் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான். விவாதம், கோபம், ‘சாமி விஷயத்துல தலையிடாதீங்க’ – ஒன்றும் இல்லை. சண்டைக்குத் தயாராகப் போயிருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“அப்ப... நான் எடுத்துக்கிட்டுப் போகவாண்ணே?”

இதைக் கேட்டதும் முருகையா கல்லைப் பார்த்தார். முனீஸ்வரரைப் பார்த்தார். பிறகு என் காடியைப் பார்த்தார். வைத்தது வீட்டுக்காரர், அவர் வரட்டும் என்றார்.

குமரேசன் இறங்கி வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். தனக்குப் பிடித்த பொருளை வைத்துவிட்டு இந்தக் கல்லை எடுத்துக்கொண்டால் சாமி ஒத்துக்கொள்ளுமா?

முருகையா அதை ஆலோசித்தார். “சரி, ஒனக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

குமரேசன் சாந்தி பக்கம் பார்த்தார்.

முருகையாவும் அந்தப் பக்கம் பார்த்தார்.

“அத வைக்க இங்க எடமில்லப்பா.”

சாந்தி சட்டென்று செம்பனை மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறெதுவுமா... நான் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை.

கடைசியில் பூ கேட்பது என்று முடிவானது. நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வெற்றிலை. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை அரளி. மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் கலைத்துப் போட வேண்டும். எதில் எது என்று தெரியாத ஒரு கை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் கல் வீட்டுக்கு. வெள்ளை வந்தால் இங்கேயே.

எப்போதும் குழந்தைகளைத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் கெடாவில் வெள்ளி விடுமுறை. அந்த நேரத்தில் எந்தக் குழந்தை எழுந்திருக்கும்? முருகையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“சார், நீங்க எடுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் வேணாம்ல?”

நான் நீண்ட காலம் செய்தியாளனாக இருந்தவன். நின்று பார், எழுது, கை வைக்காதே – முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மறுத்துப் பார்த்தேன். சாந்தி, “எடுங்கண்ணே” என்றார். குரல் அவருடையது போல இல்லை.

தட்டில் இரண்டு பொட்டலம். உற்றுப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் உப்பியிருக்கிறதா? நாரின் முடிச்சில் வித்தியாசம் உண்டா? இத்தனை வருஷம் பழகிய கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று முருகையா சொன்னாரே, அது பொய்யாகிவிட்டிருந்தது. சிவப்பு வேண்டும் என்று நின்றேன். வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன்.

முருகையா நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

“மன்னிச்சுக்கம்மா” என்றேன். என்ன சொல்வது? சாந்தி தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று பூசாரியிடம் கேட்டார். தாராளமா பாருங்கம்மா என்றார் முருகையா.

சாவிக் கொத்தை எடுத்தார். லென்ஸைத் திறந்தார். கல்லில் இருந்த எலுமிச்சைச் சாற்றை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினார். அப்புறம் பார்த்தார்... பார்த்தார்... நாங்கள் மூவரும் ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றோம்.

“அண்ணே, இது உள்ளதான் இருந்திருக்கு.”

பழைய பச்சைக்குக் கீழே புதிதாக ஒன்று எழுந்திருந்தது. அதைவிடப் பெரியது. நிறமும் ஆழம். ஒரு விளிம்பில்கூடச் சேதம் இல்லை. ராணி என்று நாங்கள் நினைத்திருந்தது ராணியே அல்ல.

அப்போதுதான் அவர் ஒன்று சொன்னார். கல் சேர்ப்பவர்களில் சிலர் வேண்டுமென்றே அமிலம் வைத்து வெள்ளையைக் கரைப்பார்களாம். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர. வாங்கிய நாள் முதல் அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கரைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. உள்ளே ஒன்றும் இல்லாமலும் போகலாம். எனவே தொடவே இல்லை.

“நான் பயந்துக்கிட்டே வச்சிருந்தேன். இவரு பாட்டுக்குத் தேச்சிட்டாரு.”

இது பாராட்டா, திட்டா என்று தெரியாமல் முருகையா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

சாந்தி லென்ஸைக் கணவரிடம் நீட்டினார். “பாருங்க.” வாட்ஸ்அப் இல்லாமல், நேராக. குமரேசன் வாங்கி, கல்லின் மேல் லென்ஸை வைத்துவிட்டு, எட்டி நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

“லென்ஸ கண்ணுகிட்ட வைங்க. கல்லுகிட்ட இல்ல.”

வைத்தார்.

“ஆமாலா...” என்றார் குமரேசன்.

அதற்குப் பிறகு நடந்தது பேச்சுவார்த்தை. இனி எலுமிச்சம்பழம் முனீஸ்வரருக்கு மட்டும், கல்லுக்குக் கிடையாது. புளியும் கிடையாது. கழுவ வெறும் தண்ணீர், மென்மையான டூத்பிரஷ். சாமிக்கு டூத்பிரஷா என்று முருகையா தயங்கினார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றார் சாந்தி. முருகையாவின் கடைசிக் கவலை, குரூப்பில் என்ன சொல்வது என்பது.

“கண்ணு தொறந்தது போதும், இனிமே தண்ணி மட்டும்தான்னு போடுங்கண்ணே.”

அப்படியே போட்டார். மறுபடியும் வரிசையாகக் கும்பிடும் கைகள்.

நேற்று அடுத்த வெள்ளிக்கிழமை. சாந்தியும் குமரேசனும் கோவிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். சாந்தி கையில் புது டூத்பிரஷ், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சின்ன அட்டை. கல் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் இப்படி ஓர் அட்டை வைத்திருப்பார்களாம். என்ன கல், எந்த நாட்டில் கிடைத்தது, யார் யாரிடம் இருந்தது. கை மாறும்போது பழைய பெயரை அடிக்க மாட்டார்கள். அதன் கீழே புதுப் பெயரை எழுதுவார்கள்.

குமரேசன் அட்டையை வாங்கிப் படித்தார். “நடுவுல என் பேரு இல்லையா?”

“நீங்க டிரான்ஸ்போர்ட்” என்றார் சாந்தி.

கல்லைக் கழுவித் துடைத்து பீடத்தில் வைத்தார்கள். அட்டையை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலாவது, ஜெர்மனியில் ஒரு பல் டாக்டர். இரண்டாவது, சாந்தி குமரேசன், பீடோங். மூன்றாவது, முனீஸ்வரர், எட்டாம் நம்பர் பிளாக்.